உளவியல் படிக்க ஐரோப்பா போகிறவர்களுக்கு, ஏற்காட்டிலிருந்து

வருடா வருடம் காப்பிப் பழம் பறிக்கிற சமயத்தில் ஊருக்கு வந்துவிடுவேன். டிசம்பர் கடைசியில் ஏற்காட்டுக் குளிர் எலும்பைத் தொடும். "ஜெர்மனியில இருக்கிறவளுக்கு இது ஒரு குளிரா?" என்பார் அம்மா. அங்கே வீட்டுக்குள் ஹீட்டர் இருக்கிறது, இங்கே ஓட்டு வீட்டில் கம்பளி மட்டும்தான் என்பதைப் பத்து வருடமாக விளக்கிக்கொண்டிருக்கிறேன். அப்பா எஸ்டேட்டில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சேலத்தில் அவருக்குத் தெரியாத ஆள் இல்லை. அதனால் என் மூன்று வார லீவில் நாலு குடும்பமாவது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறி வந்துவிடும். கேள்வி எப்போதும் ஒன்றுதான். "பாப்பா சைக்காலஜி படிக்கணுங்கிறா. வெளிநாடு அனுப்பலாமா அம்மிணி?"

இந்த முறை வந்தவள் அஸ்தம்பட்டிப் பெண். பி.எஸ்சி. உளவியல், இரண்டாம் வருடம். கையில் ஏதோ ஒரு ஏஜென்சி கொடுத்த பளபளப்பான நோட்டீஸ். அதில் மூன்று வரி: ஐரோப்பாவில் உளவியலாளர் ஆகலாம், படிப்புக் கட்டணம் இல்லை, முழுக்க ஆங்கிலத்தில். தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் உண்மைதான். மூன்றும் ஒரே ஆளுக்குச் சேர்ந்தாற்போல் கிடைப்பது அரிது என்பதை மட்டும் அச்சடிக்கவில்லை.

அவளிடம் ஒரு மத்தியானம் முழுக்கச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் 2014-இல் இங்கே எம்.எஸ்சி. முடித்துவிட்டு ஜெர்மனி போனவள். அங்கே ஆங்கிலத்தில் இன்னொரு முதுகலை, கூடவே ஜெர்மன் மொழி. இப்போது எலும்பு, மூட்டு நோயாளிகளுக்கான ஒரு மறுவாழ்வு மருத்துவமனையில் உளவியலாளராக இருக்கிறேன். முதுகுவலிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் மூன்று வாரம் தங்குவார்கள். தசை தளர்த்தும் பயிற்சி, வலியோடு வாழ்வது பற்றிய குழு வகுப்பு, தேவைப்பட்டவர்களோடு தனியாகப் பேச்சு, இவைதான் என் வேலை. நான் உளச்சிகிச்சையாளர் இல்லை. இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் பாதிக் கட்டுரை முடிந்த மாதிரி.

எதிரே ஆள் உட்கார வேண்டுமா?

எந்த நாடு என்று கேட்காதீர்கள். முதலில் கேட்க வேண்டியது இதுதான்: நாற்காலி போட்டு எதிரே ஒரு ஆளை உட்கார வைத்து, அவர் கஷ்டத்தைக் கேட்டு, சிகிச்சை தருகிற வேலை வேண்டுமா? அல்லது மனித மனம் வேலை செய்கிற விதம் பிடித்திருக்கிறது, ஆனால் ஆராய்ச்சி, நிறுவனம், மென்பொருள் வடிவமைப்பு, ஆள் தேர்வு என்று எங்காவது இருந்தாலும் சரியா?

அந்தப் பெண் யோசிக்காமல் "கிளினிக்கல்தான் அக்கா" என்றாள். எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். நானும் சொன்னேன். சரி, அதற்கு என்ன விலை என்று பாருங்கள்.

நம் ஊரில் ஒரு டிப்ளமா வாங்கிக்கொண்டு "கவுன்சிலர்" என்று போர்டு மாட்டுகிறவர்கள் உண்டு. ஐரோப்பாவில் சிகிச்சை தருகிறவரின் பட்டப்பெயருக்குப் பெரும்பாலான நாடுகளில் சட்டம் காவல் நிற்கிறது. ஜெர்மனியில் முதுகலை வரை உளவியலே படித்தவர் தன்னை உளவியலாளர் என்று சொல்லிக்கொள்ளலாம். உளச்சிகிச்சையாளர் என்று சொல்ல அரசு உரிமம் வேண்டும். அதை அப்ரோபாட்சியோன் என்பார்கள். இதற்கான சட்டம் 2020 செப்டம்பரில் மாறியது. இப்போதைய வழி: சட்டம் சொல்கிற பாடங்கள் எல்லாம் அடங்கிய மூன்று வருட இளங்கலை, கிளினிக்கல் உளவியலும் உளச்சிகிச்சையும் என்ற இரண்டு வருட முதுகலை, அரசுத் தேர்வு, அதற்கப்புறம் ஐந்து வருடம் சம்பளத்தோடு சிறப்புப் பயிற்சி. கூட்டினால் பத்து வருடம், எல்லாம் ஜெர்மனில். நம் இந்திய இளங்கலை அந்த முதுகலையின் நிபந்தனைகளுக்கு நேராகப் பொருந்துவது அரிது. 2020-க்கு முன்னால் போன அக்காவோ அண்ணனோ சொல்கிற வழி பழைய சட்டத்தின் வழி. அவர்கள் பொய் சொல்லவில்லை, அந்தக் கதவு புதிதாக வருகிறவர்களுக்கு மூடப்பட்டுவிட்டது, அவ்வளவுதான்.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் வெறும் 'சைக்காலஜிஸ்ட்' என்ற சொல்லுக்குக் காவல் கிடையாது. 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' போன்ற பெயர்களுக்கு எச்சிபிசி என்ற அமைப்பில் பதிவு வேண்டும். அதற்கான மூன்று வருட முனைவர் படிப்புக்கு அரசு சுகாதாரத் துறையே பணம் கட்டுகிறது, ஆனால் அந்த இடங்கள் பெரும்பாலும் உள்நாட்டு மாணவர்களுக்குத்தான். நெதர்லாந்திலும் 'சைக்கோலோஹ்' என்று யாரும் சொல்லிக்கொள்ளலாம். மதிப்புள்ள பெயர் ஜிஇசட் உளவியலாளர், அதாவது சுகாதார உளவியலாளர். முதுகலைக்கு அப்புறம் இரண்டு வருடப் பயிற்சி, பிறகு பிக் என்ற அரசுப் பதிவேடு, எல்லாம் டச்சு மொழியில். சுவீடனில் ஐந்து வருடப் படிப்பு, ஒரு வருடம் மேற்பார்வையில் வேலை, பிறகு உரிமம், எல்லாம் சுவீடிஷ். இத்தாலியில் ஐந்து வருடம் படித்த பிறகு உளச்சிகிச்சைக்கு இன்னும் நாலு வருடம், இத்தாலியனில்.

கவனித்தீர்களா? சிகிச்சை வேண்டும் என்றால் ஒவ்வொரு நாட்டிலும் கடைசியில் அந்த ஊர் மொழியில் வந்துதான் நிற்கிறது. ஆங்கிலத்தில் படித்துவிட்டு ஆங்கிலத்திலேயே சிகிச்சை தர பெரும்பாலும் பிரிட்டனும் அயர்லாந்தும்தான், அங்கே செலவு வேறு கணக்கு.

சிகிச்சை கட்டாயம் இல்லை என்றால் வழி அகலமாகிறது. வேலைத்தள உளவியலுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸ் திட்டத்தில் ஒரு கூட்டு முதுகலை இருக்கிறது. வாலென்சியா, பார்சிலோனா, பொலோன்யா, கோயிம்ப்ரா பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்துகின்றன. இந்தத் திட்டத்தின் உதவித்தொகை கிடைத்தால் மாதம் 1,400 யூரோ வரும். மூளை, அறிதல் சார்ந்த ஆராய்ச்சிக்கு பெர்லின் ஹும்போல்ட், மியூனிக் எல்எம்யூ பல்கலைக்கழகங்களில் ஆங்கிலத்தில் முதுகலை உண்டு. நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் மனிதரும் இயந்திரமும் சேருகிற இடத்தைப் படிக்கிற உளவியல் பிரிவு இருக்கிறது. ஸ்டீல் பிளான்ட் இருக்கிற ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம்: கன்ட்ரோல் ரூமில் எந்தப் பட்டனை எங்கே வைத்தால் அரைத்தூக்கத்தில் இருக்கும் ஆளும் தப்பாக அழுத்தமாட்டான் என்பது அந்தப் படிப்பு.

180, 120, 300

ஐரோப்பாவில் படிப்பை வருடத்தில் அளப்பதில்லை, ஈசிடிஎஸ் புள்ளியில் அளக்கிறார்கள். ஒரு வருடத்துக்கு 60. ஒரு புள்ளி என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு, வகுப்பும் வீட்டுப் படிப்பும் சேர்த்து. இளங்கலை 180, முதுகலை 120, மொத்தம் 300. யூரோப்சை என்று ஒரு சான்றிதழ் உண்டு. பிரஸ்ஸல்ஸில் இருக்கும் ஐரோப்பிய உளவியலாளர் சங்கங்களின் கூட்டமைப்பு தருவது. அதற்கு இந்த ஐந்து வருடமும் மேற்பார்வையில் ஒரு வருட வேலையும் வேண்டும். அது உரிமம் இல்லை. ஆனால் ஒரு ஆள் முழுதாகப் படித்தாரா என்பதற்கு அதுதான் அளவுகோல்.

இங்கே ஒரு பொறி. நெதர்லாந்தின் சாதாரண உளவியல் முதுகலை ஒரே வருடம்தான், 60 புள்ளி. 180-உம் 60-உம் 240. 'ஒரு வருஷத்துல முடிஞ்சிரும், செலவு மிச்சம்' என்று ஏஜென்ட் சொல்வார். அந்த 60 புள்ளிக் குறை, பின்னால் வேறு நாட்டில் அங்கீகாரம் கேட்கும்போது முன்னால் வந்து நிற்கும். அங்கேயே இரண்டு வருட ஆராய்ச்சி முதுகலையும் இருக்கிறது, அதைத் தேடுங்கள்.

பிளஸ் டூ முடித்ததுமே போகலாமா என்று கேட்பவர்களுக்கு: நெதர்லாந்தில் குரோனிங்கன், மாஸ்ட்ரிக்ட் போன்ற இடங்களில் ஆங்கிலத்தில் இளங்கலை உளவியல் இருக்கிறது. ஐரோப்பியர் அல்லாதவருக்குக் கட்டணம் ஆண்டுக்கு 10,000 யூரோவைத் தாண்டும். இட எண்ணிக்கைக்கு வரம்பு வைத்திருக்கும் படிப்புகளுக்கு ஜனவரி 15-க்குள் ஸ்டூடிலிங்க் என்ற விண்ணப்பத் தளம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். இத்தாலியின் பாதுவாவிலும் ஆங்கிலத்தில் உண்டு. அங்கே கட்டணம் குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் குறையும். ஜெர்மனி நம் பிளஸ் டூவை மட்டும் வைத்துப் பொதுவாக நேரடியாக இடம் தருவதில்லை. ஒரு வருடம் ஸ்டூடியன்கோலெக் என்ற ஆயத்தப் படிப்பு, இல்லையென்றால் இங்கே கல்லூரியில் ஒரு வருடம் வெற்றிகரமாக முடித்திருக்க வேண்டும். என்னைக் கேட்டால் பதினேழு வயதுப் பிள்ளையை அனுப்பமாட்டேன். இங்கேயே இளங்கலை முடியுங்கள். சேலத்திலேயே பெரியார் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை இருக்கிறது, முதுகலைக்கு ஊரைத் தாண்ட வேண்டியதில்லை.

ரெக்கார்டு நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள்

இனி சொல்வதுதான் யாரும் சொல்லாதது. முதல் முறை விண்ணப்பித்தபோது ஐந்து இடத்திலும் எனக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மார்க் காரணம் இல்லை. 'ஆராய்ச்சி முறை, புள்ளியியல் போதவில்லை' என்று ஒரே வரியில் பதில்.

நான் படித்தது சேலத்தில் இல்லை, வேறு ஊர். அங்கே மார்க் ஷீட்டில் 'பேப்பர் 7: ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' என்று ஒரு வரி, பக்கத்தில் மார்க், முடிந்தது. அதை ஐரோப்பாவில் பார்க்கிறவருக்கு என்ன தெரியும்? எத்தனை மணி நேரம், என்னென்ன பாடம், செய்முறை உண்டா, ஒன்றும் தெரியாது. தெரியாததைப் பூஜ்யம் என்றுதான் கணக்கெடுப்பார்கள்.

இரண்டாம் முறை ஒரு அட்டவணை தயாரித்தேன். அஸ்தம்பட்டிப் பெண்ணுக்கு அந்த நோட்டீஸின் பின்பக்கத்திலேயே கோடு போட்டுக் காட்டினேன். முதல் கட்டத்தில் பேப்பரின் பெயர், மார்க் ஷீட்டில் இருக்கிற மாதிரியே. இரண்டாவது, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எத்தனை வாரம். வாரம் 5 மணி, 15 வாரம் என்றால் 75 மணி வகுப்பு. மூன்றாவது, செய்முறை நேரம். நாலாவது, பாடத்திட்டத்தில் இருக்கிற தலைப்புகள் நாலு வரியில். ஐந்தாவது, அந்தப் பல்கலைக்கழகம் கேட்கிற எந்தப் பிரிவில் இது சேரும்: புள்ளியியல், சோதனை முறை, உளவியல் அளவீடு, வளர்ச்சி உளவியல் என்று. ஈசிடிஎஸ் புள்ளியாக நீங்களே மாற்றி எழுத வேண்டாம். மணியை மட்டும் நேர்மையாகக் கொடுங்கள், மாற்றுவது அவர்கள் வேலை.

பி.எஸ்சி. படித்தவர்களுக்கு அந்த லேப் ஞாபகம் இருக்கும். முல்லர்-லயர் கோட்டுப் பலகை, கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரைவது, விரல் சுறுசுறுப்புப் பலகையில் குட்டிக் குட்டி ஊசியைச் செருகுவது. வரைந்த படத்துக்கு ஷேடிங் இல்லையென்று மேடம் திருப்பிக் கொடுத்த ரெக்கார்டு நோட்டு. அதைப் பரணில் போட்டிருந்தேன். எடுத்துத் தூசி தட்டி, ஒவ்வொரு சோதனைக்கும் எத்தனை மணி, எத்தனை பேரிடம் செய்தோம், எப்படிக் கணக்குப் போட்டோம் என்று எழுதினேன். அப்படிப் பார்த்தால் இரண்டு வருடத்துச் செய்முறை நேரம் நானே எதிர்பார்க்காத அளவுக்கு வந்தது. எம்.எஸ்சி. ஆராய்ச்சி முறைப் பேப்பரையும் ஆய்வறிக்கையையும் சேர்த்தேன். ஒரு இடம் கிடைத்தது, அது போதும்.

இந்த அட்டவணைக்குக் கல்லூரி முத்திரை வேண்டும். அதற்குத்தான் நேரம் ஆகும். எனக்குப் பதினோரு வாரம் ஆனது. துறைத் தலைவர் கையெழுத்துப் போட்டார், ஆபீஸில் 'இந்த மாதிரி பார்மட் எங்களிடம் கிடையாதே' என்றார்கள். பழைய பாடத்திட்டப் புத்தகம் யாரிடமும் இல்லை, ஒரு ஓய்வு பெற்ற பேராசிரியர் வீட்டு அலமாரியிலிருந்து கிடைத்தது. ஆகவே படித்துக்கொண்டிருக்கும்போதே, ஒவ்வொரு செமஸ்டர் பாடத்திட்டத்தையும் பிடிஎஃப் ஆக எடுத்து வைத்துவிடுங்கள். இந்த ஒரு வேலைக்குக் காசு கிடையாது, இதைப் போல லாபம் தருவதும் வேறில்லை.

புள்ளியியல் உண்மையிலேயே குறைவாக இருந்தால் அட்டவணை காப்பாற்றாது. கால்குலேட்டரில் கை-ஸ்கொயர் போடத் தெரிந்தது எனக்கு, ரிக்ரெஷன் என்றால் பேர் மட்டும் தெரியும். போன முதல் மாதமே அழுதேன். ஆர் என்ற புள்ளியியல் மென்பொருள் இலவசம். ஜாஸ்ப் என்று இன்னொன்று, ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவானது, அதுவும் இலவசம், மவுஸில் சொடுக்கியே கணக்குப் போடலாம். மத்திய அரசின் ஸ்வயம் என்ற இணையவழிப் படிப்புத் தளத்தில் தேர்வோடு வரும் புள்ளியியல் படிப்புகள் இருக்கின்றன. அந்தச் சான்றிதழை எல்லாப் பல்கலைக்கழகமும் கணக்கில் எடுக்காது. எடுக்காவிட்டாலும் தலைக்குள் ஏறுகிறதே.

மார்க் பற்றி ஒரு வரி. ஜெர்மனியில் 1 என்பது சிறப்பு, 4 என்பது வெறும் பாஸ். நம் மார்க்கை மாற்ற ஒரு சூத்திரம் இருக்கிறது. உச்சத்திலிருந்து உங்கள் மார்க்கைக் கழியுங்கள், உச்சத்திலிருந்து தேர்ச்சி மார்க்கைக் கழியுங்கள், முன்னதைப் பின்னதால் வகுத்து மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள். நூற்றுக்கு 72, தேர்ச்சி 40 என்றால் 28-ஐ 60-ஆல் வகுத்து, மூன்றால் பெருக்கி 1.4, ஒன்று கூட்டினால் 2.4. என் முதுகலை மார்க் 1.9 என்று போனில் சொன்னபோது அப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் மெதுவாக, "பரவால்ல அம்மிணி, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றார்.

கூரை தலைமேல் விழுந்த கதை

ஜெர்மனுக்குத் தனியாக ஒரு பகுதி வேண்டும். அங்கே மனநலப் பிரிவு ஒன்றில் பயிற்சிக்குப் போயிருந்தேன். என் ஜெர்மன் பி2, அதாவது ஏ1-இல் தொடங்கி சி2-இல் முடியும் ஆறு படியில் நாலாவது. தேர்வில் நல்ல மார்க், நம்பிக்கை அதிகம். மனைவியை இழந்து தனியாக இருந்த ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: "மிர் ஃபெல்ட் டி டெக்கெ ஔஃப் டென் கோப்ஃப்." சொல் சொல்லாக எனக்குப் புரிந்தது. கூரை என் தலைமேல் விழுகிறது. நான் குறிப்பில் எழுதினேன்: 'கூரை விழுவதாக உணர்கிறார், புலன் மயக்கம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.'

மேற்பார்வையாளர் படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார், சிரித்தார். வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்து தாங்கவில்லை என்பதற்கு அங்கே சொல்கிற வழக்கு அது. அம்மாப்பேட்டையில் ஒரு பாட்டி "அவனை நெனச்சாலே வயிறு எரியுது" என்றால் ஜெலூசில் கொடுப்போமா? அதைத்தான் நான் செய்திருந்தேன்.

அன்றிலிருந்து ஒரு நோட்டு வைத்திருக்கிறேன், நோயாளிகள் சொல்கிற வழக்குகளை எழுத. வகுப்பில் கிடைப்பது இலக்கணம். இது பஸ்ஸிலும், ரொட்டிக் கடையிலும், மாமியார் மருமகள் சண்டை வருகிற டிவி தொடரிலும்தான் கிடைக்கும். சிகிச்சை உரிமம் கேட்டால் தொழில் மொழித் தேர்வு இருக்கிறது. உரிமம் இல்லாத உளவியலாளர் வேலைக்கும் நடைமுறையில் சி1 இல்லாமல் நேர்காணலைத் தாண்டுவது கஷ்டம். ஆகவே ஆங்கிலத்தில் படிக்கப் போகிறவரும் இங்கிருந்தே ஏ1 தொடங்கிவிடுங்கள். சென்னையில் நுங்கம்பாக்கம் ரட்லண்ட் கேட்டில் கோத்தே நிறுவனம் தேர்வு நடத்துகிறது. சேலத்திலிருந்து இரவு ரயிலில் ஏறினால் காலையில் தேர்வுக்குப் போய்விடலாம்.

நம் தமிழும் வீணாகாது. ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, பிரான்ஸ், நார்வே எங்கும் ஈழத்தமிழர்கள் இருக்கிறார்கள். தாய்மொழியில் பேச ஆள் இல்லாமல் சிரமப்படுகிற மூத்தவர்கள் அதிகம். ஒருமுறை ஒரு அம்மாவிடம் பேச என்னைக் கூப்பிட்டார்கள். "எனக்கு ஒண்டும் ஏலாமல் கிடக்கு பிள்ளை" என்றார். முடியவில்லை, வலிக்கிறது, மனசு விட்டுப்போச்சு என்று நான் மூன்றாகப் பிரித்துக் கேட்க வேண்டியதை அந்த 'ஏலாமல்' ஒன்றாக வைத்திருந்தது. என் சேலத்துத் தமிழும் அவருக்கு முதலில் பாதிதான் புரிந்தது என்பது வேறு விஷயம்.

காசு

வேகமாகச் சொல்கிறேன், இதெல்லாம் வருடத்துக்கு வருடம் மாறும். ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் இல்லை, செமஸ்டருக்கு ஒரு சிறு தொகை மட்டும். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பியர் அல்லாதவருக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. இலவசம் என்ற சொல்லைக் கேட்டு ஏமாறாதீர்கள்: விசாவுக்கு ஒரு வருடச் செலவை முடக்கப்பட்ட கணக்கில், அதாவது மாதாமாதம் கொஞ்சமாக மட்டும் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கில், போட்டுக் காட்ட வேண்டும். நான் போன 2014-இல் அது 8,040 யூரோ. 2024 செப்டம்பரிலிருந்து 11,904. அப்பா காப்பி விலை நன்றாக இருந்த ஒரு வருடத்துச் சேமிப்பையும், வங்கிக் கடனையும், அம்மாவின் ஒரு ஜோடி வளையலையும் சேர்த்துத்தான் கட்டினார். வளையலை மீட்டாயிற்று, அதை அம்மா எல்லாருக்கும் சொல்வார்.

2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்கள் ஏபிஎஸ் என்ற சான்றிதழும் வாங்க வேண்டும், நம் படிப்புச் சான்றிதழ்கள் உண்மையா என்று சரிபார்ப்பது. கட்டணம் 18,000 ரூபாய். பல பல்கலைக்கழகங்கள் யூனி-அசிஸ்ட் என்ற பொது விண்ணப்ப அமைப்பு வழியாக விண்ணப்பம் வாங்குகின்றன: முதலாவதுக்கு 75 யூரோ, அடுத்தடுத்து 30. இத்தனையும் நீங்களே செய்துகொள்ளலாம், ஒரு ஏஜென்சியும் வேண்டாம். கமிஷன் வருகிற கல்லூரியைத்தான் அவர்கள் முதலில் காட்டுவார்கள், அது பெரும்பாலும் கட்டணம் வாங்குகிற தனியார் கல்லூரியாக இருக்கும். தனியார் என்பதால் மோசம் என்று சொல்லவில்லை. அந்தப் பட்டம் நீங்கள் போக நினைக்கும் வேலைக்குச் செல்லுமா என்று பல்கலைக்கழகத்தைக் கேட்காமல், உரிமம் தருகிற அதிகாரியைக் கேளுங்கள்.

படிக்கும்போது வருடத்துக்கு 140 முழு நாளோ 280 அரை நாளோ வேலை செய்யலாம். ஓட்டலில் தட்டுக் கழுவுவது உடனே கிடைக்கும். நான் எட்டு மாதம் கழுவினேன், கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை, ஆனால் அது உளவியல் வேலையைப் பெற்றுத் தராது. ஹிவி என்று ஒரு வேலை இருக்கிறது, பேராசிரியரின் ஆய்வகத்தில் உதவியாளர். சம்பளம் கொஞ்சம்தான். ஆனால் கடைசியில் எனக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதியது அந்தப் பேராசிரியர்தான், ஓட்டல் முதலாளி இல்லை. முதல் செமஸ்டரிலேயே மெயில் போடுங்கள், பதில் வராவிட்டால் நேரில் போய்க் கதவைத் தட்டுங்கள்.

படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாதம் தருவார்கள். உரிமம் இல்லாத உளவியலாளருக்கு என்னைப் போல மறுவாழ்வு மருத்துவமனை, ஆலோசனை மையம், அகதிகளுக்கான உதவி மையம், சிறைச்சாலை, நிறுவனங்களின் ஆள் மேம்பாடு என்று இடங்கள் உண்டு. அரசுச் சம்பள அட்டவணையில் முதுகலை உளவியலாளருக்கு ஈ13 என்ற படி. 2025-இல் தொடக்கம் வரிக்கு முன் மாதம் 4,600 யூரோவைச் சுற்றி இருந்தது. அந்த அட்டவணையைப் பின்பற்றாத இடங்களில் குறைத்துத் தருவார்கள், கையெழுத்துப் போடும் முன் கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை. இரண்டு வருடம் கழித்து, பக்கத்து அறையில் இருந்த தோழியின் சம்பளம் தெரிந்தபோதுதான் உறைத்தது.

திரும்பி வந்து சேலத்திலேயே கிளினிக் வைக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு: இந்தியாவில் கிளினிக்கல் உளவியலாளர் என்று தொழில் செய்ய இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு வேண்டும். ஐரோப்பிய முதுகலை கையில் இருந்தால் அது தானாக வந்துவிடாது. போகிறதற்கு முன்பே இதையும் யோசித்துவிடுங்கள்.

அந்தப் பெண் கிளம்பும்போது மணி நாலரை. களத்தில் அப்பா காப்பிக்கொட்டையைக் குவித்துத் தார்ப்பாயால் மூடிக்கொண்டிருந்தார். கிளினிக்கலா, வேறா என்று அவள் இன்னும் முடிவு பண்ணவில்லை. பண்ண வேண்டியதும் இல்லை, இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது. அட்டவணையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். ஏ1 புத்தகம் ஒன்று கொடுத்தேன். பஸ்ஸில் சும்மா போகாதே, வளைவுக்கு ஒன்றாக ஜெர்மனில் இருபது வரை எண்ணிக்கொண்டே இறங்கு என்றேன்.

ராத்திரி வாய்ஸ் மெசேஜ் வந்தது. பதினைந்து வரைக்கும் ஒரு தப்பும் இல்லையாம். பதினாறாவது வளைவில் 'செக்ஸ்சேன்', பதினேழில் 'சீபன்சேன்' என்று சொல்லியிருக்கிறாள். செக்சேன், சீப்சேன் என்று திருத்தி அனுப்பினேன்.